நரம்பு என்னும் சொல்லும் மூளை, நரம்பு மண்டலக் கலைச்சொற்களும்

முன்னுரை

யாழ் நரம்பின் இயல்பை இலக்கிய வகுப்பில் விளக்கிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லும் ஆசிரியர் ஒருவர், அங்கு 'நரம்பு ஊசி' என்னும் தொடரைக் கேட்கின்றார். அவ்வூசி செல்வதோ குருதிக் குழாயினுள். அம்மருத்துவமனையிலேயே 'நரம்பியல் பிரிவு' என்ற பலகை தொங்குகின்றது. அப்பிரிவில் முதன்மையாக ஆராயப்படும் உறுப்பு மூளை. வீடு திரும்பினால், பள்ளியில் பயிலும் மகள் இலையின் நரம்பமைப்பைத் தாவரவியல் பாடமாகப் படித்துக்கொண்டிருக்கின்றாள். இசைக்கருவியின் தந்தி, குருதிக் குழாய், மூளையின் செய்தியைச் சுமக்கும் இழை, இலையில் ஓடும் வரி ஆகிய நான்கையும் ஒரே சொல் குறிக்கின்றது. ஒரு சொல் பல பொருள் குறித்தல் மொழிக்குக் குறையன்று. ஆயினும் பொருள்களை வேறுபடுத்தி அறிந்தாலன்றி உயிர் பிழைக்க இயலாத இடத்தில் அவ்வழக்கு இடர் பயக்கும். அவ்விடர் எத்தகையது என்பதையும், மூளை, நரம்பு மண்டலம் பற்றிய தமிழ்க் கலைச்சொற்கள் அதனை நீக்க எவ்வளவு துணை செய்கின்றன என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குத் தோற்றுவாயாக அமைந்த நிகழ்ச்சி ஒன்றை முதற்கண் கூறுதல் வேண்டும். அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில் நாம் குடியிருக்கும் தெருவில், தொழிற்பேட்டையில் நெடுநாள் உழைத்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் வாழ்கின்றார். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் காலை அவர் வாய் ஒரு பக்கம் கோணியது. வலக்கை காப்பிக் குவளையைத் தாங்கவில்லை. பேச்சுக் குழறியது. அவர் துணைவியார் நம்மைக் கண்டு, "கை நரம்பு பிசகிவிட்டது தம்பி. தைலம் தேய்த்தால் விட்டுவிடும்" என்றார். நாமும் தலையசைத்து வாளா இருந்தோம். மாலையில்தான் அவரை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். மருத்துவர் கேட்ட முதல் வினா, 'எத்தனை மணிக்குத் தொடங்கியது?' என்பதே. இன்று அம்முதியவர் நம்மைக் கண்டால் முகம் மலர்கின்றார். பெயரைச் சொல்ல வாயெடுக்கின்றார், சொல் வருவதில்லை. கையில் தேடப்பட்ட நோய் தலைக்குள் இருந்தது. 'நரம்பு' என்ற சொல்லைப் பல பாடல்களில் விளக்கிய நாம், அதனை விளக்க வேண்டிய ஒரு காலையில் விளக்காது விட்டோம்.

நரம்பு: பழைய வழக்கு

தொல்காப்பிய நூன்மரபு, எழுத்துகள் தம் அளபு கடந்து ஒலித்தலைக் கூறுமிடத்து, இசைநூலை நரம்பின் பெயரால் சுட்டுகின்றது. சங்கப் பாடல்களில் யாழோடு பொருந்தி வரும் 'நரம்பு' மிகப் பல. உடலுறுப்பாகவும் அச்சொல் பண்டே வழங்கியுள்ளது. போரில் மகனை இழந்த முதுதாயைப் பாடும் புறநானூற்று 278ஆம் பாடல், அவளுடைய வற்றிய தோளில் நரம்பு மேலெழுந்து தோன்றியதைக் குறிக்கின்றது. முதுமையில் தோலுக்கு மேல் புடைத்துத் தோன்றுவன இன்றைய உடற்கூற்று நூலின்படி குருதியை இதயத்திற்கு மீட்டுக் கொண்டுசெல்லும் சிரைகள். ஆகவே, ஊசி போடுமிடத்தை 'நரம்பு' எனக் கூறும் பொதுமக்கள் பிழை செய்தாரல்லர். அவர்கள் மிகப் பழைய வழக்கொன்றைக் காத்து வருகின்றனர்.

இப்பொருள் மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க மொழியில் 'நியூரோன்' என்னும் சொல் முதலில் தசைநாரையும் வில்லின் நாணையும் குறித்தது. பின்னர் யாழ் போன்ற இசைக்கருவியின் நரம்பையும் குறித்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் மனித உடலை அறுத்து ஆராய்ந்த எரோபிலசு, மூளையோடும் தண்டுவடத்தோடும் தொடர்புடைய இழைகளைப் பிறவற்றினின்றும் வேறுபிரித்து அறிந்தார். அதன் பின்னரே அச்சொல் இன்றைய பொருளை நோக்கிக் குறுகலாயிற்று. பழம்பொருளின் எச்சம் முற்றும் அழிந்துவிடவில்லை. தட்டையான தசைநார்ப் படலத்தை மருத்துவர் இன்றும் 'அப்போநியூரோசிசு' என்றே வழங்குகின்றனர். வடமொழியில் பிணைப்பு நாரைக் குறித்த 'ஸ்நாயு' என்ற சொல், வங்காள மொழியில் நரம்பைக் குறிக்கின்றது.

நார், நாண், யாழ்த்தந்தி என்று தொடங்கிய கிரேக்கச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒரே வழியில் நடந்துள்ளமை கருதத்தக்கது. கிரேக்கச் சொல்லின் பொருள் அறுவை மேசையின்மேல் வரையறை பெற்றது. தமிழ்ச் சொல்லின் பொருள் நூலில் வரையறை பெற்றும் தெருவில் பெறவில்லை.

மூளை: ஒரு சொல், இரு பொருள்

'மூளை' என்னும் சொல்லும் இத்தகையதே. சித்த மருத்துவம் உடற்கட்டுகள் ஏழனைச் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, வெண்ணீர் என முறைப்படுத்தும். என்பை அடுத்து வைக்கப்பட்டுள்ள மூளை, எலும்பினுள் இருக்கும் மச்சையாகும். தலையோட்டினுள் இருப்பதும் எலும்பால் சூழப்பட்ட மென்பொருளே ஆதலின், இரண்டையும் ஒரு பெயரால் வழங்கினர் போலும். இலத்தீன் மொழியில் மச்சையைக் குறிக்கும் 'மெடுல்லா' என்னும் சொல்லே மூளைத்தண்டின் கீழ்ப்பகுதிக்கும் பெயராயிற்று. எனவே, ஏழு உடற்கட்டுகளுள் மூளை எண்ணப்பட்டமையை மட்டும் சான்றாகக் கொண்டு, மூளையின் தொழிலை முன்னோர் முழுதும் அறிந்திருந்தனர் என்று வாதிடுதல் பொருந்தாது. இடகலை, பிங்கலை, சுழுமுனை என்னும் நாடிகளை இன்றைய தண்டுவடத்தோடும் நரம்புகளோடும் ஒன்றெனக் கூறுவோரும் இவ்வெச்சரிக்கையை மேற்கொள்ளல் நலம். பெயர் ஒன்றாதல் பொருள் ஒன்றாதற்குச் சான்றாகாது.

உறுப்புகளும் பெயர்களும்

இனி, இன்றைய உடற்கூற்றியல் கூறும் அமைப்பினைச் சுருங்கக் காண்போம். நரம்பு மண்டலம் இருவகைப்படும். மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். அவற்றினின்றும் கிளைத்து உடலெங்கும் பரவுவன புற நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும், தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் கிளைக்கின்றன. தண்டுவட நரம்புகளுள் கழுத்துப் பகுதிக்கு உரியன 8, மார்புக்கு 12, இடுப்புக்கு 5, திருவெலும்புப் பகுதிக்கு 5, வாலெலும்புக்கு 1.

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ளது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே ஆயினும், உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் உயிர்வளியில் ஐந்தில் ஒரு பங்கை அது கொள்கின்றது. இவ்வளவு பெருஞ்செலவுடைய உறுப்பு குருதியோட்டம் சில நிமிடங்கள் தடைப்படினும் தாங்காது. இவ்வுண்மை பின்னர்ப் பயன்படும்.

மூளையை மூன்று உறைகள் போர்த்துள்ளன. வெளியுறை தடித்தது, நடுவுறை சிலந்திவலை போன்றது, உள்ளுறை மெல்லியது. இலங்கைத் தமிழ் நூல்களில் வெளியுறை 'வன்றாயி' என்றும் உள்ளுறை 'மென்றாயி' என்றும் பெயர் பெறும். உறையைத் தாய் என்பது முதல் நோக்கில் வியப்பளிக்கும். இலத்தீன் பெயரும் 'வன்மையான தாய்' என்றே பொருள்படும். ஒரு பொருளோடு இணைந்த மற்றொன்றைத் தாய் என்றும் தந்தை என்றும் உறவுப் பெயரால் கூறுதல் அரபு மொழியின் மரபு. அரபு மருத்துவ நூல்களைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தோர் அப்பெயரை அவ்வாறே கொண்டுசென்றனர். மேனாட்டாரின் மருத்துவச் சொற்களும் மொழிபெயர்ப்பாற் பிறந்தனவே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. மொழிபெயர்த்துச் சொல்லாக்குதல் நமக்கு நேர்ந்த தாழ்வன்று. எல்லா மொழியினரும் நடந்த பாதை அதுவே.

நடுவுறைக்கும் உள்ளுறைக்கும் இடையில் மூளைத் தண்டுவடத் திரவம் நிறைந்து மூளையை அதிர்ச்சியினின்றும் காக்கின்றது. மூளையின் பெரும்பகுதி பெருமூளை. அதன் மேற்பரப்பு இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் தடிப்புள்ள சாம்பல்நிறப் படலம். இலத்தீனில் மரப்பட்டையைக் குறிக்கும் பெயரால் வழங்கும் இதனைத் தமிழில் 'புறணி' என்கின்றோம். புறணி என்பதும் மரப்பட்டையைக் குறிக்கும் பழஞ்சொல்லாதலின், இது மிகப் பொருத்தமான ஆக்கம். பெருமூளையின் ஒவ்வொரு பாதியும் நெற்றி, சுவர், பொட்டு, பிடரி என்னும் நான்கு மடல்களாகப் பகுக்கப்படும். இவை மேலிருக்கும் மண்டையெலும்புகளைக் கொண்டு இடப்பட்ட பெயர்கள். நெற்றி மடலின் பின்விளிம்பு உடலின் இயக்கத்தை ஏவுகின்றது. அதனை அடுத்துச் சுவர் மடலின் முன்விளிம்பு தொடுவுணர்வைப் பெறுகின்றது. பொட்டு மடல் கேள்விக்கும், பிடரி மடல் காட்சிக்கும் உரியன.

பெருமூளைக்குக் கீழே பின்புறம் அமைந்த சிறுமூளை, உடலின் சமநிலையையும் அசைவின் ஒழுங்கையும் பேணுகின்றது. இலத்தீன் பெயரும் 'சிறிய மூளை' என்றே பொருள்படும். மூளைத்தண்டின் இறுதிப் பகுதியாகிய முகுளம் மூச்சையும் இதயத் துடிப்பையும் நெறிப்படுத்துகின்றது. முகுளம் என்பது மொட்டைக் குறிக்கும் வடசொல். தண்டின் நுனியில் மொட்டுப்போல் பருத்திருக்கும் வடிவு நோக்கி இப்பெயர் அமைந்ததாகலாம். மூளையின் ஒரு பாதியிலிருந்து இறங்கும் இயக்க இழைகளுள் மிகப் பல முகுளத்தின் கீழ்ப்பகுதியில் மறுபக்கத்திற்குக் கடந்து செல்கின்றன. ஆதலின் இடப்பாதி கெட்டால் வலப்பக்க உடல் செயலிழக்கும்.

இவ்வுறுப்புகளுக்கெல்லாம் அடிப்படை நரம்புச் செல். அதற்கு 'நியூரான்' என்னும் பெயரை 1891இல் செருமானிய அறிஞர் வால்டேயர் வழங்கினார். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் உள்ளன என்று 2009இல் கணக்கிட்டுள்ளனர். ஒவ்வொன்றுக்கும் செய்தியை வாங்கும் குறுங்கிளைகளும், செய்தியை அனுப்பும் நீண்ட இழை ஒன்றும் உண்டு. ஓர் இழையின் முனை மற்றொரு நியூரானைச் சந்திக்கும் இடத்திற்குச் 'சினாப்சு' என்ற பெயர் 1897இல் வழக்கிற்கு வந்தது. செய்தி இழையினுள் மின்மாற்றமாக ஓடுகின்றது. பெரும்பாலான சினாப்சுகளில் வேதிப்பொருள் வழியாக இடைவெளியைக் கடக்கின்றது. தடித்த இழைகளில் அதன் விரைவு நொடிக்கு நூறு மீட்டரையும் கடக்கும். நரம்பு என்பது இவ்விழைகள் பல சேர்ந்த கற்றை. அதனுள் குருதி ஓடுவதில்லை. தைலத்தால் நெகிழும் கயிறும் அன்று அது.

தமிழில் கலைச்சொல் வளர்ந்த நெறி

மேனாட்டு உடற்கூற்றியலை விரிவாகத் தமிழில் தந்த முன்னோடி, அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மருத்துவப் பணி ஆற்றினார். 1864ஆம் ஆண்டு முதல் மாணாக்கர்க்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவித்தார். இலண்டனில் 1858இல் முதற்பதிப்புக் கண்ட கிரேயின் உடற்கூற்று நூல், 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் தமிழில் வெளிவந்தது. 'அங்காதிபாதம்' என்று வடசொல்லையும், வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று எழுத்துப்பெயர்த்த சொல்லையும் அவர் ஆண்டமை, தூய்மையினும் பயன்பாட்டையே முதன்மையாகக் கொண்டார் என்பதைக் காட்டும்.

தமிழகத்தில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1938இல் வெளியிட்ட கலைச்சொல் தொகுப்பும், பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட கலைக்களஞ்சியத் தொகுதிகளும் இப்பணியைத் தொடர்ந்தன. இக்காலத்திலேயே மருத்துவத் துறையும் வளர்ந்தது. 1949இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தியும் மூளை, நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கினர். ஆயினும் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நடந்தமையால், சொல்லாக்கியோரும் மருத்துவரும் ஒருவரையொருவர் சந்திக்கும் வாய்ப்புக் குறைந்தது.

இதன் விளைவுகளுள் இரண்டினைச் சுட்டுவோம். ஒன்று, இடத்திற்கொரு வழக்கு. தமிழகப் பாடநூல்களில் 'தமனி', 'சிரை' என்பன இலங்கைப் பாடநூல்களில் 'நாடி', 'நாளம்' எனப்படும். மலையாளத்திலோ 'நாடி' என்பது நரம்பைக் குறிக்கும். மற்றொன்று, பெயரை மொழிபெயர்த்துப் பொருளை விட்டுவிடுதல். நம் விருப்பின்றி இயங்கும் உறுப்புகளை ஆளும் நரம்புகளுள் ஒரு பகுதியைப் 'பரிவு நரம்பு மண்டலம்' என்கின்றோம். உறுப்புகள் ஒன்றற்கொன்று பரிந்து இயங்குகின்றன என்ற பழங்கருத்தை ஒட்டி மேனாட்டார் இட்ட பெயரின் மொழிபெயர்ப்பு அது. ஆனால் அந்நரம்புகள் விரைந்து தொழிற்படுவது அச்சத்திலும் போரிலும் ஓட்டத்திலுமே. பரிவு என்ற சொல்லைக் கேட்கும் தமிழ் மாணாக்கன் அருளை நினைப்பானேயன்றி அச்சத்தை நினையான். புறணி பொருளை விளக்கும் சொல். பரிவு பொருளை மறைக்கும் சொல். சொல்லாக்கத்தை மதிப்பிட இவ்விரண்டும் இரு முனைகளாக நிற்கின்றன.

பக்கவாதம் என்னும் பெயர்

மேனாம்பேட்டு முதியவரின் நோய்க்குத் தமிழில் வழங்கும் பெயர் 'பக்கவாதம்'. வளி, அழல், ஐயம் என்னும் மூன்றனுள் வளியை இயக்கத்திற்கு உரியதாகக் கொண்ட பழைய மருத்துவர், இயக்கம் கெட்ட நோயை வாதத்துள் அடக்கியது அவர்தம் நெறிக்கு இயைந்ததே. ஆனால் இன்று நெறி மறைந்து பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. மூட்டு வலியும் வாதம், முதுகுப் பிடிப்பும் வாயு, கை கால் செயலிழத்தலும் வாதம் என வழங்குதலால், மூன்றுக்கும் தைலமே மருந்தெனக் கொள்கின்றனர்.

உண்மையில் இந்நோய் மூளைக்குச் செல்லும் குருதிக் குழாயில் நேர்வது. குழாய் அடைபடுதலால் ஒருவகை, வெடித்துக் குருதி கசிதலால் மற்றொரு வகை. அடைப்பால் வந்ததாயின், கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்துதல் வேண்டும். கசிவால் வந்ததாயின் அம்மருந்தே தீங்காகும். இரண்டையும் ஸ்கேன் படம் எடுத்தே பிரித்தறிய இயலும். கட்டியைக் கருவியால் அகற்றும் முறை சிலர்க்கு 24 மணி நேரம் வரையிலும் பயன்படும். எனினும் காலந்தாழ்த்தலால் இழப்பு மிகும். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நியூரான்கள் அழிகின்றன என்று 2006இல் மதிப்பிட்டுள்ளனர். மருத்துவர் கேட்ட முதல் வினாவின் பொருள் இதுவே.

முதியவருக்கு வலக்கையோடு சொல்லும் போனமைக்கும் உடற்கூற்றியலில் விளக்கம் உண்டு. 1861இல் பாரிசு நகரில் புரோக்கா என்னும் மருத்துவர், 'டான்' என்ற ஓரசையன்றி வேறு பேச இயலாதிருந்த ஒருவர் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்து, இடப்புற நெற்றி மடலில் பழுது கண்டார். பெரும்பாலோர்க்குப் பேச்சுக்குரிய பகுதிகள் இடப்பாதியிலேயே உள்ளன. வலக்கையை ஏவும் பகுதியும் அதே பாதியில், அதற்கு அண்மையில் உள்ளது. இரண்டிற்கும் குருதி தருவது ஒரே பெருங்குழாயின் கிளைகள். ஆதலின் வலக்கை தளர்தலும் பேச்சுக் குழறுதலும் ஒருங்கே தோன்றின், அது கைந்நோயன்று என்பதை மருத்துவம் பயிலாதாரும் உணரலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். 'நரம்பு' என்பதன் பல பொருள் வழக்குத் தொன்மையானது. அதனைப் பழித்தலாலோ விலக்கலாலோ பயனில்லை. ஆயினும் பாடநூலிலும் மருத்துவமனைப் பலகையிலும் குருதிக் குழாய்க்கு அச்சொல்லை ஆளாது, தமனி, சிரை என்பனவற்றையே ஆளுதல் வேண்டும். இது முதலாவது. கலைச்சொல் பெயரின் பெயர்ப்பாக அமையாது பொருளின் விளக்கமாக அமைதல் வேண்டும் என்பது இரண்டாவது. வழக்கில் ஊன்றிய பெயரை நீக்க இயலாதவிடத்து அதனோடு பொருள் விளக்கத்தைப் பிணைத்தல் வேண்டும் என்பது மூன்றாவது. பக்கவாதத்தை 'மூளைக் குருதியடைப்பு' எனவும் 'மூளைக் குருதிக்கசிவு' எனவும் உடன்கூறி வழங்கின், நோயின் இடம் மூளை என்பது பெயரிலேயே விளங்கும்.

இப்பணி மருத்துவரால் மட்டும் முடிவதன்று. சொல்லின் வரலாறு அறிந்த தமிழாசிரியர் அதிற்பங்கு கொள்ளுதல் கடன். யாழ் நரம்பைக் கற்பிக்கும் வகுப்பிலேயே, யாழிலும் கையிலும் மூளையிலும் அச்சொல் கொண்ட வேறுபொருளைக் கற்பிக்க ஒரு நாழிகை போதும். வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறும் ஒருவரைக் கண்டால், தைலத்தை நாடாது, நேரத்தைக் குறித்துக்கொண்டு 108 ஊர்தியை அழைக்க வேண்டும் என்பதையும் அந்நாழிகையிலேயே கூறிவிடலாம். அன்று காலை மேனாம்பேட்டில் நாம் கூறாது விட்டது இதுவே.